பல் மழுங்கிய ரிஞ்சு

அது 2003ஆம் வருஷக் கோடை. ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துப் போர்வெல்லில் மோட்டார் நின்றுவிட்டது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் எடுத்தவர் சுருளியாண்டி. குழாயைத் திருகிக் கழற்றும் பைப் ரிஞ்சு பிடிக்கிறவன் மலைச்சாமி.

ரிஞ்சின் பற்கள் மழுங்கிவிட்டன, குழாயைக் கவ்வுவதில்லை, வேறு வாங்கித் தாருங்கள் என்று அவன் மூன்று தடவை கேட்டிருந்தான். கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி அமுக்கினால் எல்லாம் கழலும் என்றார் சுருளியாண்டி.

ரிஞ்சு வழுக்கினாலும் முன்னால் போய் விழாதபடி, காலை ஊன்றித் தன் பக்கமாக இழுத்துக் கழற்றுவதுதான் மலைச்சாமியின் பழக்கம். துருவேறிய ஆறாவது குழாய் அதற்கு அசையவில்லை. சுருளியாண்டி பின்னால் நின்று விரட்டவும், எதிர்ப்பக்கம் போய் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுத் தள்ளினான். ரிஞ்சு வழுக்கியது. அவன் முகம், குழாயைத் தூக்க நிறுத்தியிருந்த இரும்பு முக்காலியில் மோதித் தாடை உடைந்தது.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அவனால் பேச முடியவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று சுருளியாண்டி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மலைச்சாமி சாராயத்தைத் தொட்டதே இல்லை.

மறுநாள் காலை அவன் மனைவி பஞ்சம்மாள் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். அதே ரிஞ்சு, அதே குழாய். இன்று, நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்த கூட்டாளி அம்மாவாசி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து ரிஞ்சைப் பிடுங்கிச் சுருளியாண்டியின் முன்னால் நீட்டினாள்.

"என் புருசன் குடிகாரன். நீங்க நிதானமாத்தான இருக்கீக? நீங்களே தள்ளிக் கழட்டுங்க."

ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சுருளியாண்டி அதை வாங்கிக் குழாயில் மாட்டினார். லேசாக ஒரு தள்ளு தள்ளினார். ரிஞ்சு சறுக்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் விட்டீக? பாரத்தப் போட்டுத் தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. அம்மாவாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புது ரிஞ்சு வராமல் குழாயைத் தொட மாட்டோம் என்றான். மற்ற இரண்டு ஆட்களும் அவன் பக்கம் போய் நின்றார்கள். மலைச்சாமி குடிக்கவில்லை என்று சுருளியாண்டி வாய்க்குள்ளேயே முனகினார். கேட்கவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள் என்றாள். சொன்னார்.

மதியத்துக்குள் சின்னமனூரிலிருந்து புது ரிஞ்சு வந்துவிட்டது. ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். அதை நினைக்க நினைக்கப் பஞ்சம்மாளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. ஆஸ்பத்திரியில் புருஷனின் கட்டிலருகே போய் நின்றும் அது அடங்கவில்லை.

"வழுக்கும்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்குய்யா தள்ளுன?"

மலைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.