மலைக்காற்றுக்கு விரித்த துணி

வெளுத்து வந்த பேண்டேஜ் துணி கொட்டகைக்குள் ஈரத்தோடு குவிந்து கிடந்தது. இன்றைக்கு வெயில் படாவிட்டால் கரும்புள்ளி விழுந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியைப் புள்ளியோடு எவரும் வாங்கமாட்டார்கள். மாஜிதா துணி காயப்போடும் களத்தில் நின்று கைபேசியில் புயல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ராஜபாளையமே துணிய உள்ள அள்ளுது. நீங்க வெளிய விரிக்கச் சொல்லுதீக," என்றார் மேஸ்திரி சங்கிலிப்பாண்டி.

"புயல் ஆந்திரா பக்கம் போகுதுண்ணே."

"போன தடவையும் தூரத்துலதான் கெடக்குன்னீக. பொறவு சேத்துக்குள்ள இருந்துல்லா துணிய உருவுனோம்."

வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். இன்னொரு முறை நனைந்தால் களத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அவள் கணவன் அஃப்சல் சொல்லியிருந்தான்.

போன முறை அவள் தூரத்தை மட்டும்தான் பார்த்தாள். புயல் தன்னைச் சுற்றிலும் காற்றைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றும். அன்று அது தென்கிழக்கே இருந்ததால் கடல் ஈரம் முழுக்க இங்கே வந்து கொட்டியது. இன்று வடகிழக்கே இருக்கிறது. அப்படியானால் இங்கே வீசுவது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. அது கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, மலையேறி, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிக் காய்ந்துவிடும்.

அவள் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். முகட்டைத் தாண்டிய மேகம் சரிவில் இறங்க இறங்கப் பஞ்சுபோலப் பிய்ந்து மறைந்துகொண்டிருந்தது.

"அந்த மேகத்தைப் பாருங்கண்ணே. தரை வரைக்கும் எறங்குதா?"

சங்கிலிப்பாண்டி கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். "எறங்கல. அந்தரத்துலயே காணாமப் போவுது." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏட்டி மாரீஸ்வரி, என்ன வேடிக்க? மூட்டயப் பிரி."

கயிறுகளில் துணி ஏறியது. ஒருமுறை வெயில் மங்கியது. மாஜிதா கைபேசியைப் பார்க்கவில்லை. முகத்தில் படுகிற காற்றையே கவனித்தாள். அது மேற்கிலிருந்தே வந்தது, வறண்டு, சூடாக. வெயில் திரும்பியது.

உச்சிப்பொழுதுக்குள் துணி மொடமொடத்தது. பக்கத்துக் களத்துச் சோலைராஜ் சுவரின்மேல் தலையை நீட்டினான். "எக்கா, நாங்களும் விரிக்கலாமா?"

"அவனுக்குச் சொல்லாதீக," என்றார் சங்கிலிப்பாண்டி. "காலையில நம்மளப் பாத்துச் சிரிச்ச பய."

"விரிச்சுக்கோப்பா, சாயங்காலம் வரைக்கும் பயமில்ல," என்றாள் மாஜிதா.

அதற்குள் காற்று வலுத்தது. ஒரு நீளத்துணி முடிச்சு அவிழ்ந்து வானத்தில் எழும்ப, அவள் ஓடிப்போய் அதன் நுனியைப் பிடித்தாள். துணி முழுக்கக் காற்று நிறைந்து அவளைக் கிழக்கே இழுத்தது. செருப்பு கழன்றுவிட, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, சிரித்துக்கொண்டே அவளும் இழுத்தாள்.