பைக் நின்ற இடத்தில் சீமைச் சாமந்தி

ஹர்ஷாவின் பைக் நின்ற இடத்தில் புல்கூட முளைக்காது. ஆயில் ஒழுகி ஒழுகி மண் கறுத்திருந்தது. "மெக்கானிக்கிட்ட காட்டுடா" என்று கத்துவேன். "வண்டிக்கு வயசாயிடுத்துப்பா, உன்னை மாதிரி" என்பான் என் பிள்ளை. போன ஆனியில், வண்டலூர் தாண்டி, ஒரு லாரி. வண்டியும் வரவில்லை, அவனும் வரவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி ஸ்ரீவித்யா தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். நான் தூங்கினேன், குறட்டையோடு. சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஜோக் அடித்தேன். காரியத்தன்று வாத்தியாரே என் ஜோக்குக்குச் சிரித்துவிட்டு அவசரமாக மந்திரத்துக்குத் திரும்பினார். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, எனக்கு உடம்பு பூராவும் அப்படி இருந்தது.

மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீஸில் கிறிஸ்டி சொன்னாள்: "சீமைச் சாமந்தி டீ குடுத்துப் பாருங்க லக்ஷ்மிநாராயணன் சார், தூக்கம் வரும்." கடையில் கேமமைல் என்று பாக்கெட்டாகவே கிடைக்கும். எனக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டால்தான் திருப்தி. விதை வரவழைத்தேன். கறுத்த மண்ணை வெட்டியெடுத்துவிட்டுச் செம்மண்ணும் எருவும் கொட்டினேன். தூசு மாதிரி விதை. அதைத் தென்னங்கன்று நடுகிற மாதிரி ஆழமாகப் புதைத்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன்: வெளிச்சம் வேண்டும், மேலே தூவினால் போதும். எம்.எஸ்ஸி. தாவரவியல் வேறு.

மழை ஓய்ந்ததும் மறுபடி தூவினேன். கொத்தமல்லியைவிட மெல்லிய இலையோடு தரையோடு தரையாகப் படர்ந்தது. பைக் அளவுக்கு ஒரு பச்சைப் பாய். நாங்கள் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் கேட்டுக்குப் போனோம், பைக் நின்றபோது போன மாதிரியே.

தையில் பூத்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். "ஞாயித்துக்கிழமை பறிச்சு டீ போடறேன்" என்றேன். ஸ்ரீவித்யா "ம்" என்றாள். அதுவே பெரிய விஷயம்.

ஞாயிறு காலை கிண்ணத்தோடு போனால் ஒரு பூ இல்லை.

எங்கள் பீர்க்கன்கரணை காலனியில் பூ காணாமல் போனால் துப்பறிய வேண்டாம். பக்கத்துத் தெரு ஸ்ரீநிவாசராகவன் வாக்கிங் போகும்போது கையில் ஒரு கவர் இருக்கும். காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் செம்பருத்தியெல்லாம் அவர் பெருமாளுக்கு. இந்தத் தடவை கேட்டையே திறந்து வந்திருக்கிறார். செடி மேல் வெறுங்கால் தடம். செருப்பைக் கழற்றிவிட்டுத் திருடியிருக்கிறார், ஆசாரம்.

அவர் வீட்டில் பூஜை முடிந்திருந்தது. என் பூவெல்லாம் பெருமாள் படத்தடியில், துளசியோடு.

"சார், அது எங்காத்துப் பூ."

"தெரியுமே லக்ஷ்மிநாராயணா. உங்காத்துல இந்த வருஷம் பண்டிகை கிடையாதே, பூ வீணாப் போறதேன்னு…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் ஒரு ஜோக் தேடினேன். எப்போதும் கைவசம் இருக்கும். அன்று கிடைக்கவில்லை.

"அவளுக்கு டீ போடணும் சார்" என்றேன். "தூங்கவே மாட்டேங்கறா."

சாத்திய பூவை மறுநாள்தான் களைவார். அன்று அப்போதே எடுத்து, துளசியும் சேர்த்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். "பெருமாள் தப்பா எடுத்துக்க மாட்டார். நான்தான் அபிஷ்டு" என்றார்.

திரும்பி வந்தபோது ஸ்ரீவித்யா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வாசனை இது? ஆப்பிள் மாதிரி."

"ஸ்ரீநிவாசராகவன் மாமா மிதிச்சிருக்கார். மிதிச்சா மணக்குமாம்."

பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள், யாராவது அதட்டிவிடுவார்களோ என்று பயந்த மாதிரி. பிறகு மற்றக் காலையும்.

"ஒரு சேர் கொண்டு வாங்கோ."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அங்கேயே போட்டேன். வெந்நீரில் பூவையும் துளசியையும் போட்டு மூடி, வடிகட்டி எடுத்து வந்தேன். பாதம் இரண்டும் செடிக்குள், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஹர்ஷா தூங்குகிற மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக் கார் வந்தது; கேட்டைத் திறக்கச் சொல்லி எப்போதும் ஹாரன் அடிப்பார்கள். நடுரோட்டுக்கு ஓடி, டம்ளரும் கையுமாகக் கும்பிட்டேன். கார் சத்தமில்லாமல் உள்ளே போனது. டீயை என்ன செய்வதென்று தெரியாமல் நானே ஒரு வாய் குடித்தேன்.

நாக்கு சுட்டது. நன்றாகவே சுட்டது.