காலர் பிரஷ்

கீழே சலவைக் கடை, மேலே குடித்தனம். அன்று ராத்திரி அந்த வீட்டு மூத்த பெண்ணுக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவள் தம்பி வாலு, பதினோரு வயது, உதடு பலூன் மாதிரி வீங்கி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முன்பல் ஒன்றைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் அவன் துணி வண்டியில் ஏறி நின்று ஓட்டி, கதவில் மோதி, அந்தப் பல் வேரோடு தெறித்தபோது கடையில் அவள் மட்டும்தான் இருந்தாள். விழுந்த பல் முழுக்க ரத்தம். ரத்தக்கறையைக் கண்டால் அந்த வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாக வேலை செய்யும். பச்சைத் தண்ணீர், சோப்பு, காலர் பிரஷ். பீங்கான் போல வெளுக்கும்வரை தேய்த்தாள். பிறகுதான் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "பால்ல போட்டு உடனே எடுத்துட்டு வாங்க" என்றார்கள். அப்படியே செய்தாள்.

"வேரைத் தேய்ச்சியாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்லீங்க" என்று வாய் முந்திக்கொண்டது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அம்மா வேறு, "எம்பொண்ணு கெட்டிக்காரி" என்று பூரித்துப்போனாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை இப்போதுதான் பிரித்துப் படித்தாள். விழுந்த பல்லின் வேரைத் தேய்க்கவே கூடாது என்று போட்டிருந்தது. கீழே இறங்கினாள். விடிந்தால் அனுப்பவேண்டிய ஓட்டல் விரிப்புகளை அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பல்லைத் தேய்ச்சேன்மா."

"நல்லதுதானே? போய்ப் படு."

"என் பல்லை இல்லம்மா. அவன் பல்லை. காலர் பிரஷ்ஷால."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அழுக்கோடவா உள்ள வைப்பாங்க? சுத்தம் பண்ணினதுல என்னடி தப்பு?"

"நானும் அப்படித்தான்மா நெனச்சேன். வேர் மேல இருக்கிற சவ்வுக்கு உசிரு இருக்காம். நான் அதைத் தேய்ச்சே கொன்னுட்டேன் போல. டாக்டர்கிட்ட பொய் வேற சொல்லிட்டேன். பல் நிக்குமா, விழுந்துடுமா?"

விரிப்பு கருகும் நாற்றம் வந்தது. அம்மா பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, தாளின் அடியிலிருந்த அவசர எண்ணை அழுத்தி, போனை அவள் கையில் திணித்தாள். "பொய் சொன்ன வாயே உண்மையைச் சொல்லட்டும்."

"எவ்வளவு நேரம் தேய்ச்ச?" என்றார் டாக்டர், தூக்கக் குரலில்.

"ஒரு காலர் தேய்க்கிற நேரம்."

"அப்படின்னா?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"இப்பவாவது சொன்னியே. அந்தப் பல்லுக்கு இனிமே வேற மாதிரி வைத்தியம் பாக்கணும். காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வா."

"நிக்குமா டாக்டர்?"

"சில வருஷம் நிக்கலாம். கடைசிவரைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? ஒன்றும் தெரியாமல் மாடி ஏறினாள். வாலு விழித்திருந்தான்.

"அக்கா, நாளைக்கு ஸ்கூல் லீவா?"

"லீவுதான்."

"ஐ! நீதான்க்கா என் பல்லைக் காப்பாத்தின."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தூங்காதடா. ஒண்ணு சொல்லணும்."