டிரைவர் அட்டாவின் குரல் இறங்கிய நாள்

ஜூன் மாதம், திங்கட்கிழமை மத்தியானம், எங்கள் ஊரான தேச்சிமானில் பெய்த மழையோடு ஒரு இடி எங்கள் வானொலி நிலையத்தின் கோபுரத்தில் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலிப்பதிவு அறைக் கணினியும் அதில் செருகியிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் கருகிப்போயின. எங்கள் தொடர் நாடகத்தின் தொண்ணூற்றாறு பாகங்களும் அவற்றில்தான் இருந்தன. தொண்ணூற்றேழாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒலிபரப்பாக வேண்டும்.

பழையது போனால் என்ன, கடைசிப் பாகத்தைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டால் முடிந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். வோஃபா அஜெமானுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்போம்.

வோஃபா என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன். அஜெமானை ஊரே அப்படித்தான் கூப்பிடும். மூன்று வருடமாக எங்கள் நாடகத்தில் டிரைவர் அட்டா அவர்தான். மரக்கூண்டு வைத்த லாரி ஓட்டுகிற, வாய்த்துடுக்குள்ள, மகளோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மனிதன். மார்ச் மாதம் அவர் தொண்டையில் கட்டி என்று அறுத்தபோது குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. அதன்பிறகு ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினார்.

நாடகத்தை எழுதி இயக்குகிற செர்வா மேடம் வேறொருவரை அந்தப் பாத்திரத்தில் போட மறுத்துவிட்டார். கதையில் அட்டாவைப் பக்கத்து நாட்டிலிருக்கும் அபிஜானுக்கு அனுப்பிவைத்தார். கடைசிப் பாகத்தில் அட்டா அங்கிருந்து மகளுக்கு ஃபோன் செய்வதாக ஒரு காட்சி. அட்டா பேசுகிற ஒவ்வொரு வரியும் பழைய பாகங்களிலிருந்து வெட்டி எடுத்தது. பதினேழாம் பாகத்தில் ஒரு சிரிப்பு. நாற்பத்தொன்றில் "கதவைப் பூட்டாதே, வந்துக்கிட்டே இருக்கேன்." அறுபத்து மூன்றில் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. எண்பத்தெட்டில் ஒரு இருமலும் அதற்குப் பிறகு வரும் பெருமூச்சும். எந்தப் பாகத்தில், எத்தனையாவது நிமிடத்தில் என்று மேடம் குறித்துவைத்திருந்தார். வெட்டி ஒட்டுவது என் வேலை. என் பெயர் டாச்சி, நிலையத்தின் ஒலிப்பொறியாளன். செவ்வாய்க்கிழமை வெட்டலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை இடி விழுந்தது.

செவ்வாய் காலை நானும் மேடமும் சந்தைக்குப் போனோம். எங்கள் நாடகத்தை ரேடியோவிலிருந்து பதிவு செய்து சிடி போட்டு விற்கிற ஃபோசுவாவின் கடைக்கு. அங்கே போக மேடத்துக்குக் கால் வரவில்லை. காரணம் இருந்தது. போன மாதம்தான் சந்தைத் தலைவியிடம் புகார் சொல்லி, அந்தக் கடையிலிருந்த சிடிக்களை எல்லாம் நடுத்தெருவில் கொட்டச் செய்து, ஃபூஃபூ களிக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கையால் மேடம் தன் கையாலேயே நொறுக்கினார்.

ஃபோசுவா எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மேடம், மிச்சம் ஏதாவது உடைக்கணுமா? உலக்கை வேணும்னா பக்கத்து வீட்டுல இருக்கு."

"நாலு பாகம் வேணும், ஃபோசுவா. விலை சொல்லு."

"விலையா? எல்லாத்தையும்தான் மாவாக்கிட்டுப் போயிட்டீங்களே!"

நான் வோஃபாவைப் பற்றிச் சொன்னேன். இடியைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். ஃபோசுவா விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"வோஃபா குரலுக்கா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா? என்கிட்ட இல்ல. இத்தாலியில என் தம்பி பொன்சுகிட்ட இருக்கு, ஒண்ணு விடாம. மாசாமாசம் முதல் காப்பி அவனுக்குத்தான் அனுப்புவேன். ஏதோ ப்ரோகிராம்ல போட்டு வெச்சிருக்கான். ஜெர்மனி, கனடான்னு நம்ம ஜனங்க எங்கெங்க இருக்காங்களோ அங்கிருந்தே எடுத்துக்கறாங்களாம்."

"அப்ப என்னைக் கேக்காம உலகம் பூரா போயிருக்கு," என்றார் மேடம்.

"ஆமா, நல்லவேளையா," என்றாள் ஃபோசுவா.

புதன்கிழமை காலை விளம்பரப் பிரிவின் கணினியில், ஃபோசுவா தம்பியிடம் கேட்டுச் சொன்ன அந்த மென்பொருளை நிறுவினேன். பொன்சுவின் பட்டியல் திறந்தது. தொண்ணூற்றாறு கோப்புகள். ஒரு மூச்சுகூடக் குறையக் கூடாது என்று அவன் எதையும் சுருக்காமல் வைத்திருந்ததால் ஒவ்வொன்றும் முந்நூறு மெகாபைட். வேண்டிய நாலை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். வேகம் வினாடிக்கு ஏழு கிலோபைட். இந்தக் கணக்கில் இரண்டு நாள் ஆகும்.

மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கு, அது நமக்கு வர்றது. மேல்நோக்கி இருக்கே, அது என்ன?"

"நாம கொடுக்கறது மேடம். வாங்கின துண்டை மத்தவங்களுக்கும் அனுப்பும். இது அப்படித்தான் வேலை செய்யும்."

"என் நாடகத்தை நானே அள்ளிக் கொடுக்கணுமா? நிறுத்து அதை."

அமைப்புகளைத் திறந்து, மேலேற்றும் வேகத்துக்கான கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டேன். அம்புக்குறி நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடியது. பூஜ்யம் என்றால் அந்த மென்பொருளுக்கு வரம்பே இல்லை என்று அர்த்தமாம். கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ஒன்று என்று மாற்றினேன். அது அடங்கியது. சற்று நேரத்தில் நமக்கு வருவதும் நாலு கிலோபைட்டுக்கு இறங்கியது. வழக்கம்போல லைன் மோசம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்பது சதவீதம். ஏழு மணிக்குக் கரண்ட் போனது, விடிகிற வரை வரவில்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை.

வியாழன் காலை எட்டரைக்கு நான் வந்தபோது வோஃபா எனக்கு முன்பே வந்து கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்திருந்தது. திரையில் பத்து சதவீதம். அவர் நோட்டை நீட்டினார்.

"நாடகம் நான் இல்லாமல் முடியட்டும். நீ சாப்பிடு" என்று எழுதியிருந்தது.

ஃபோசுவா கொடுத்திருந்த எண்ணை எடுத்து இத்தாலிக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மேடமும் உள்ளே வந்துவிட்டார்.

"சாலே, தேச்சிமானா?" என்றான் பொன்சு. எங்களூரில் நண்பனை அப்படித்தான் அழைப்போம். "அக்கா சொன்னா. எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"பத்து பர்சென்ட். நாலு கிலோபைட்ல வருது."

"நாலா? இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே! உங்க லைன் எவ்வளவு?"

சொன்னேன். வாங்க அறுபத்து நாலு, கொடுக்கப் பதினாறு.

"கீழே ஓரமா ஒரு வட்டம் இருக்கும் பாரு. என்ன கலர்?"

"சிவப்பு."

"அதான்! உன் வாசக்கதவு சாத்தியிருக்கு, சாலே. நீயா தேடிப் போறவங்ககிட்ட மட்டும்தான் வாங்க முடியும். உன்னைத் தேடி வர்றவன் வெளியிலயே நிக்கறான். ரூட்டர்ல அந்த ப்ரோகிராமோட கதவு எண்ணைத் திறந்து விடணும். அப்லோடு எவ்வளவு வெச்சிருக்கே?"

நான் மேடத்தைப் பார்த்தேன். "ஒண்ணு," என்றேன்.

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "ஒண்ணா! எவன்டா வெச்சான் அதை? நீ கொடுக்கறதை அந்த அளவுக்குச் சுருக்கினா, வாங்கறதையும் அதுவே சுருக்கிடும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஒரேயடியா பதினாறையும் திறந்து விட்டாலும் லைன் மூச்சு முட்டும். பன்னெண்டு போடு."

"நான்தான் வெக்கச் சொன்னேன்," என்றார் மேடம்.

சிரிப்பு நின்றது. "மேடமா? வணக்கம் மேடம். போன மாசம் ரேடியோல, 'எங்கேயோ உக்காந்துக்கிட்டு என் உழைப்பைக் கொறிக்கிற எலி'ன்னு சொன்னீங்களே, அந்த எலிதான் பேசறேன்."

"அதைக் கேட்டியா?"

"அக்கா ஃபோனை ரேடியோகிட்ட வெச்சா. தெளிவா கேட்டுச்சு."

வோஃபாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராத சிரிப்பு. மேடம் அவரை ஒரு முறை முறைத்தார்.

"சொன்னதை நான் திருப்பி வாங்கப் போறதில்ல, பொன்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நீ."

"கேட்டிருக்கணும், மேடம். தப்புதான். வண்டி ஓட்டற இடத்துல நாலு மணியானா உங்க ஞாபகம்தான். ஊர்ப் பேச்சைக் கேக்க வேற வழி தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப வோஃபாவைப் பாக்கலாம். பன்னெண்டு போடச் சொல்லுங்க," என்றான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போடு, டாச்சி."

பன்னிரண்டு போட்டேன். ஒரே நேரத்தில் இருநூறு பேரோடு பேச முயன்றால் எங்கள் சின்ன ரூட்டர் திணறும் என்று பொன்சு சொன்னதால் அதை அறுபதாகக் குறைத்தேன். ரூட்டருக்குள் போக ரகசியச்சொல் கேட்டது. அதைப் பொருத்திய ஆள் ஊரைவிட்டே போய்விட்டான். நான் தலையில் கைவைத்திருந்தபோது வோஃபா எழுந்து போய் அந்தப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் தூசி படிந்த காகிதம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த ரகசியச்சொல்லை நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினார். இந்தக் கணினிக்கு ஒரு நிலையான முகவரி கொடுத்து, கதவு எண்ணை அதற்குத் திறந்துவிட்டேன்.

வட்டம் மஞ்சளாகி, பச்சையானது.

"பச்சை!" என்றேன்.

"இரு, எங்க ஆளுங்களைக் கிளப்பறேன். கம்ப்யூட்டரைப் போட்டு வையுங்கடான்னு சொல்றேன். வோஃபாவுக்குன்னா எழுந்து ஓடி வருவானுங்க," என்று ஃபோனை வைத்தான்.

வேகம் ஏற ஆரம்பித்தது. ஒன்பது கிலோபைட், பதினெட்டு, இருபத்தேழு. அதுவரை பொன்சுவோடு ஓரிருவர் மட்டும் இருந்த பட்டியலில் ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து இரண்டு பேர், பெயரே தெரியாத ஊர்களிலிருந்து என்று பதினான்கு பேர் சேர்ந்தார்கள். நாற்பத்தொன்று. ஐம்பத்து மூன்று. மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கால்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணிக்குத் திரை கறுத்தது. கரண்ட் போய்விட்டது.

"ஐயோ, எல்லாம் போச்சா?" என்று மேடம் என் சட்டையைப் பிடித்தார்.

காலையில் டீசல் வாங்கி வைத்திருந்தேன். ஜெனரேட்டரின் கயிற்றை ஐந்து தடவை இழுத்தேன். ஆறாவது இழுப்பில் உயிர் வந்தது. கணினி எழுந்து, அதுவரை வந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியது. அது முடியப் பதினைந்து நிமிடம் ஆனது. பிறகு விட்ட இடத்திலிருந்து, ஒன்றுகூடக் குறையாமல், மறுபடி ஐம்பதில் ஓட ஆரம்பித்தது. மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டரைக்கு நாற்பத்தொன்றாம் பாகம் முழுதாக வந்தது. அதைத் திறந்து, குறித்திருந்த நிமிடத்துக்குப் போனேன்.

"கதவைப் பூட்டாதே, வந்துக்கிட்டே இருக்கேன்."

அறை முழுக்க அந்தக் கரகரப்பு நிறைந்தது. பின்னால் லாரி எஞ்சின் சத்தம். வோஃபா எழுந்து வந்து ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னொரு கை அவர் கழுத்திலிருந்த கட்டுக்குப் போனது. மறுபடி போடு என்று சைகை செய்தார். போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். நானும் மேடமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து என் முதுகைத் தட்டி நோட்டைக் காட்டினார்.

"இந்த ஆள் ரொம்பக் கத்துகிறான். நடிக்கத் தெரியவில்லை."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "மூணு வருஷமா நான் சொன்னதை இப்பதான் ஒத்துக்கறீங்க," என்று மூக்கைச் சிந்தினார்.

நாலே முக்காலுக்கு நான்கு கோப்புகளும் வந்து சேர்ந்தன. வெள்ளி காலை வெட்டி ஒட்டினேன். ஃபோன் வழியாகக் கேட்பதுபோல ஒலியைக் கொஞ்சம் மெலிதாக்கினேன். அதனால் நாலு வேறு நாட்களின் குரல் ஒரே நாளில் பேசியதுபோல் ஆகிவிட்டது. இருமலுக்குப் பிறகு வருகிற பெருமூச்சில் மட்டும் கைவைக்கவில்லை.

நாலு மணிக்கு ஒலிபரப்பினோம். நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். வோஃபா சந்தைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை ஃபோசுவா பிறகு ஃபோனில் சொன்னாள். அவள் கடை ரேடியோவைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். சேனைக்கிழங்கு விற்கிறவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டார்கள். அட்டா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் யாரோ விசும்பியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வோஃபா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தக்காளிக்காரி அவரிடம் போய், "யோவ் அட்டா, அந்தப் பொண்ணு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எத்தனை நாள்தான் உக்காந்திருக்கும்? கிளம்பு சீக்கிரம்!" என்று திட்டியிருக்கிறாள். வோஃபா எழுந்து நின்று, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் வைத்து, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே லாரியை ஓட்டிக் காட்டியிருக்கிறார். எல்லோரும் கைதட்டி வழிவிட்டார்களாம்.

நிலையத்தின் மூன்று ஃபோன்களும் விடாமல் அடித்தன. மேடம் ஒன்றையும் எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க்கடையில் உட்கார்ந்து பாங்கு என்கிற புளித்த சோளக்களி இரண்டு உருண்டையும் வெண்டைக்காய்க் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்காரப் பெண் கேட்காமலேயே மூன்றாவது உருண்டையைத் தட்டில் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.