பதினான்கு அடிக் கதவுநிலை

கொடிகாமத்தில் கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே, அருட்செல்வனின் வெறுங்காணியில் நின்ற கதவுநிலைக்குள் 2024ஆம் ஆண்டு மார்கழி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பசு நுழைந்தது. மறுபக்கத்தால் அது வெளியே வரவில்லை. நிலைக்குப் பின்னால் சுவரோ கூரையோ கிடையாது. நாயுருவிப் பற்றையும் ஒரு மாமரமும் வேலியும் மட்டுமே இருந்தன. பசுவின் சொந்தக்காரி பராசக்தி நிலையைச் சுற்றி மூன்று தரம் ஓடினார். "ஐயோ, என்ரை மாட்டை நிலை விழுங்கிப் போட்டுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் சந்தையின் பாதிப் பேர் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மாலை நான்கு மணிக்குப் பசு போன வழியாலேயே, பலாச்சுளையைச் சுற்றியிருக்கும் சடையை மென்றுகொண்டு திரும்பி வந்தது. கூடியிருந்தவர்கள் அப்போதுதான் மெய்யாகவே நடுங்கினார்கள். அந்த மார்கழியில் கொடிகாமத்தைச் சூழ்ந்த தென்மராட்சி முழுவதிலும் ஒரு பலாப்பழம்கூட இருக்கவில்லை.

அருட்செல்வன் அதே சந்தையில் பலாப்பழம் விற்பவர். முந்திய ஆண்டு சித்திரையில், சிறுதொழில் செய்வோருக்காக யாழ்ப்பாணத்து விடுதி மண்டபம் ஒன்றில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அவர் போயிருந்தார். பயிற்றுநர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, ஐந்து ஆண்டுகளில் அடைய வேண்டியவற்றை இடப்பக்கம் தொழிலுக்கும் வலப்பக்கம் சொந்த வாழ்வுக்குமாகப் பிரித்து எழுதச் சொன்னார். அருகில் இருந்தவர்கள் ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு முச்சக்கர வண்டி என்று எழுதினார்கள். அருட்செல்வன் இடப்பக்கத்தில் பதினான்கு வரி எழுதினார். முதல் வரி பழம் உலர்த்தும் இயந்திரம். ஐந்தாவது, பன்னிரண்டு பேருக்கு வேலை. பதினான்காவது, ஏழு நாடுகளுக்குப் பலா வற்றல். வலப்பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பயிற்றுநர் சுட்டியபோது, "இடப்பக்கம் முழுவதும் முடிந்த பின்" என்று அங்கே ஒரே வரியை எழுதிக் காட்டினார். மண்டபம் அவருக்குக் கைதட்டியது.

எங்கள் பகுதியில் சுவர் எழும்ப முன்னரே நல்ல நேரம் பார்த்துக் கதவுநிலையை நிறுத்துவார்கள். கீழே நவதானியம் இட்டு, கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். அருட்செல்வன் தன் தொழிற்சாலைக்கு வரிக்கு ஓரடியாகப் பதினான்கு அடி உயரத்தில் வேப்பமரத்தில் நிலை செய்யக் கேட்டார்.

"உதுக்குள்ளாலை என்ன தம்பி போகப் போகுது, லொறியோ தேரோ?" என்றார் தச்சர் சிமியோன்.

"ரெண்டும் போகும் அண்ணை."

நிலை வைக்கும் நாளில் மனைவி உதயகலா தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகக் கரவெட்டியில் நின்றார். "வாற கிழமையும் நாள் இருக்காம். நான் வந்திடுவன், பொறுங்கோவன்," என்று தொலைபேசியில் கேட்டார். "இல்லையப்பா, முதல் வரிக்குத் திகதி போட்டிட்டன்," என்றார் அருட்செல்வன். ஒரு பக்கத்தைத் தான் பிடித்தார். மனைவி பிடிக்க வேண்டிய பக்கத்தைத் தும்புக் கயிற்றால் மாமரத்தில் கட்டினார். நவதானியத்தோடு அந்தத் தாளையும் மடித்துக் கீழே வைத்தார். அதன் பின் பத்தொன்பது மாதங்கள் சுவருக்கு வழி பிறக்கவில்லை. காற்றுக்குக் கதவு வைத்தவர் என்று சந்தையில் அவருக்குப் பெயர் வந்தது.

பசு திரும்பி வந்த அன்று அருட்செல்வன் உள்ளே போகத் துணியவில்லை. உதயகலாதான் முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் வெளியே வந்து நிலத்தில் குந்திவிட்டார். உள்ளே 2028ஆம் ஆண்டு நாட்காட்டி தொங்கியதையும், வெள்ளைத் தொப்பி போட்ட நூறு பெண்கள் பலாச்சுளை வெட்டியதையும், பெட்டிகளில் ஏழு நாடுகளின் பெயர்கள் இருந்ததையும் மெல்லச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் மேசையில் இருந்தவர் அருட்செல்வனேதான், தலை நரைத்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, சுவரோரத்து நீள இருக்கையைக் காட்டி, "அக்கா, பேரைப் பதிஞ்சுபோட்டு அந்த வாங்கிலை இருங்கோ," என்றாராம்.

"நான் உதயகலா எண்டு சொன்னன். 'வேலைக்கெண்டால் வெள்ளிக்கிழமை வாங்கோ அக்கா' எண்டுது மனுசன்."

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். உதயகலாவின் முகத்தைப் பார்த்த பின் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அருட்செல்வன் தானே உள்ளே போனார். மேசைக்கு முன்னால் நின்று தன்னையே பார்த்தார். அந்தக் கைகளில் பலாப்பால் படிந்த கறை இல்லை. அதுதான் அவரை முதலில் திடுக்கிட வைத்தது. "உதயகலா எங்கை?" என்று கேட்டார்.

"அது வலப்பக்கம்," என்றார் மேசையில் இருந்தவர், கோபமில்லாமல். "இடப்பக்கத்திலை இன்னும் ரெண்டு வரி கிடக்கு."

வெளியே வந்தவர் அன்றே கோடரியைத் தீட்டினார். அடுத்த நாள் கோடரியோடு நிலையடிக்குப் போனார். அடியில் கிண்டிப் பார்த்தபோது, நவதானியம் முளைத்து அந்தத் தாளைத் துளைத்து வேரோடியிருந்தது. தாளைப் பிரிக்க முடியவில்லை. சிமியோன் வந்து கோடரியைப் பிடுங்கினார். "நிறுத்தின நிலையை விழுத்தக் கூடாது தம்பி. சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் நான் சொல்லித்தானோ உமக்குத் தெரிய வேணும்?"

"விழுத்த வேண்டாம் அண்ணை," என்றார் பின்னால் வந்த உதயகலா. "என்ரை உயரத்துக்கு அதிலை ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கோ."

சிமியோன் அவரை நிலையோடு சேர்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு கீறினார். சரியாக ஐந்து அடி. உதயகலா புதிய தாள் ஒன்றில் பழைய வரிகளில் முதல் ஐந்தை இடப்பக்கம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே வலப்பக்கத்திலும் ஒரு வரி எழுதினார். அவற்றில் முதலாவது, மத்தியானச் சாப்பாடு ஒன்றாக என்பது.

"மிச்ச ஒன்பது வரியும்?" என்று கேட்டார் அருட்செல்வன். அவை அவருடைய உயிர் என்பது உதயகலாவுக்குத் தெரியும்.

"மேலை கிடக்கட்டும். அடைக்க வேண்டாம். காலம் வரேக்கை சட்டத்தை உயர்த்துவம். ஆனால் மற்றப் பக்கம் நான்தான் பிடிப்பன், மாமரம் இல்லை."

2025 தைப்பூசத்தன்று, மாமரத்தில் கட்டியிருந்த தும்புக் கயிற்றை அறுத்துவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சட்டம் ஏறியது. புதிய தாளைச் சிமியோன் பொருத்துக்குள் வைத்து ஆப்பு அறைந்தார். உதயகலா எல்லோர் முன்னிலையிலும் சட்டத்தின் கீழால் உள்ளே போனார். அங்கே தகரக் கொட்டகை ஒன்றும், ஓர் உலர்த்தும் இயந்திரமும், பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். கைகளில் பலாப்பால் ஒட்டிய ஒருவர் வாங்கிலிருந்து எழுந்தார்.

"எங்கையப்பா போனனீர்? சோறு ஆறுது."

உதயகலா சாப்பிட்டுவிட்டே திரும்பினார். வெளியே பொறுத்திருந்த கணவரிடம், "கறிக்கு உப்புக் கூடிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். அவ்வாண்டு ஆவணியில் அதே நிலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையின் முதல் தூண் நாட்டப்பட்டது. இப்போது அங்கே நால்வர் வேலை செய்கிறார்கள், மத்தியானம் ஒரு மணிக்கு இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். சட்டத்துக்கு மேலேயுள்ள ஒன்பது அடியும் திறந்தபடியே கிடக்கிறது. அதனூடாகப் பறக்கும் காகங்கள் மறுபக்கம் தெரிவதில்லை. மாலையில் அலகு நிறையப் பலாக்கொட்டையோடு வந்து நிலையடியில் உதிர்க்கின்றன. வீதியால் போகும் பேருந்துகளிலிருந்து இப்போது எவரும் இறங்கிப் பார்ப்பதில்லை. மார்கழியில் பலாக்கொட்டைக் கறி வைக்க விரும்பினால், பராசக்தி காலையிலேயே நிலையடியில் ஒரு சுளகை வைத்துவிட்டு, மாட்டை வேறு பக்கம் கட்டப் போய்விடுகிறார்.