அல்லிசினும் காளியாத்தாளின் காலும்

1

இந்தக் கதைக்குக் காரணம் கோபம், வேறொன்றுமில்லை. சித்தூரில் என் பக்கத்து வீட்டுக் காளியாத்தாளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன்.

"பூண்டின் மணம் கமழும் அந்தக் காலைப் பொழுதில்..."

அடித்துவிட்டேன். மணமாவது மண்ணாவது!

2

[கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.] முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. பல்லை நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருப்பவை கலந்து, கந்தகம் சேர்ந்த இந்தப் பொருள் உண்டாகிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டப் பூண்டு செய்துகொண்ட ஏற்பாடு. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைக் கொல்கிறது, உண்மைதான். பச்சையாக அரைத்துக் கட்டிவைத்தால் மனிதத் தோலையும் பொசுக்கும். பூண்டு வைத்தியம் சொல்லும் வீடியோக்காரர்கள் கிருமியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பாவிகள்.

3

தனபால் காளியாத்தாளின் மகன். வயல் சேற்றில் நின்று நின்று அம்மாவுக்குக் குதிகால் வெடித்துப் புண்ணாயிற்று. வீடியோவில் பார்த்தபடி காந்தளூர் மலைப்பூண்டை அரைத்து வைத்து இறுக்கிக் கட்டினான். அவளுக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. பொசுங்கியது தெரியவே இல்லை.

(இவனை முழு மூடனாக எழுத நினைத்தேன். ஆனால் அம்மாவின் காலை மடியில் வைத்துக் கட்டியவனை... விடுங்கள்.)

கட்டைப் பிரித்தபோது துணியோடு தோலும் வந்தது. டாக்டர் ஜிஸ்மி கேட்டதற்குக் காளியாத்தாள், "வெந்தண்ணி கொட்டிப்போச்சுங்க" என்றாள். வார்டே பூண்டு நாறுகிறது!

"எதுக்குங்க்கா பொய் சொன்னீங்க?" என்றேன், டாக்டர் நகர்ந்ததும்.

"எம்பையனை வைவாங்க அம்மிணி. உன்ற கதைலயும் வெந்தண்ணின்னே எழுதிப்போடு."

மாட்டேன். டாக்டரிடமும் நானே உண்மையைச் சொன்னேன். நாளைக்குப் புண்ணைப் பார்த்துத்தான் கால் தங்குமா என்று சொல்ல முடியுமாம்.

4

முடிவு அ: புண் ஆறுகிறது. எழுதினால், கடைசி வரியை மட்டும் வெட்டியெடுத்து, "பூண்டு காப்பாற்றிய கால்" என்று எவனாவது ஊரெல்லாம் அனுப்புவான்.

முடிவு ஆ: காலை எடுக்கிறார்கள். "தேன் கலக்காம கட்டினா அப்படித்தான்" என்பான் அதே ஆள்.

இரண்டையும் அவனுக்குத் தரமாட்டேன்.

தனபால் வார்டு வாசலில் நிற்கிறான். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்: "தனபாலு, சோறு தின்னியா சாமி?"

அவனை உள்ளே அனுப்புவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.