வாயின் இடது ஓரம்

என் கணவர் தொகுஜி இறந்த மறுநாள் காலை, ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்த ஒதாகிரி என்ற இளைஞர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மதியத்துக்குள்ள ஒரு படம் வேணும்மா. சிரிச்ச முகமா இருந்தா நல்லது. இப்பல்லாம் எல்லாரும் அதான் கேக்கறாங்க" என்றார். அன்று மாலை சடங்கில் பூக்களுக்கு நடுவே வைக்கும் படம் அது. அதன் பிறகு வீட்டுப் பூஜை மாடத்துக்கு மேலே, நான் இருக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகும் முகமும் அதுதான்.

சிரித்த படங்களுக்குக் குறைவில்லை. பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஆனால் ஒன்றில்கூட அவர் நிகோநிகோ என்று சிரித்திருக்கவில்லை. கன்னம் மலர்ந்து கண் சுருங்கி, எதிரே இருப்பவருக்குத் தேநீர் நீட்டுவதுபோல முகத்தையே நீட்டும் சிரிப்பு அது. கடைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் நன்றாக வரும். தொகுஜிக்கு வந்ததெல்லாம் நியாநியா. ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டு அதை வாய்க்குள்ளேயே வைத்துச் சுவைக்கிறவனின் சிரிப்பு. உதடு திறக்காது, இடது ஓரம் மட்டும் மேலே போகும். அவர் பேருந்து ஓட்டிய காலத்தில், ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து நியாநியா என்று சிரிக்கிறார் என்று பயணிகளிடமிருந்து பணிமனைக்குப் புகார் போயிற்று. சளி இல்லாத நாளிலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணும் அப்படியே சிரிக்கிறது என்று அடுத்த புகார் வந்தது.

நான் எடுத்துக் கொடுத்தது ஆற்றங்கரைப் படம். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆற்றோரம் சேப்பங்கிழங்குக் குழம்பு வைப்போம். பன்றி இறைச்சியும், மிசோ என்கிற புளித்த பயறு விழுதும்தான் போட வேண்டும். மலைப்பக்கத்துக்காரர்கள் சோயா சாறு ஊற்றுவார்கள், அதைச் சொன்னாலே இங்கே முகம் சுளிப்பார்கள். அந்த வருடம் எல்லோரும் விறகு பொறுக்கப் போன நேரத்தில் இவர் பானையில் சோயா சாற்றைக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல அகப்பையோடு நின்றார். அப்போது எடுத்த படம்.

அவருடைய அக்கா கினுயோ மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இந்த மூஞ்சியையா வைக்கப் போற மிசாவோ? கும்பிட வர்றவங்க அவங்கவங்க பணப்பையைத் தடவிப் பாத்துக்குவாங்க."

"வேற எது இருக்கு அக்கா?"

"பணிமனையில விருது வாங்கினப்ப எடுத்தாங்களே?"

"அதுல அபராதம் கட்ட வந்தவர் மாதிரி நிக்கறாரு."

ஒதாகிரி இருமிக்கொண்டார். "ஆத்தங்கரைப் படத்தையே வெச்சுக்கலாம்மா. அகப்பையை எடுத்துடலாம், கறுப்பு கிமோனோ போட்டுடலாம். வாயோட இந்த ஓரத்தைக் கொஞ்சம் எறக்கி, அந்த ஓரத்தைக் கொஞ்சம் ஏத்தினா போதும். நிக்கொரினு ஆயிடும்."

நிக்கொரி என்றால் ஒரே ஒரு முறை, நிறைவாக, சத்தமில்லாமல் மலர்கிற சிரிப்பு. எங்கள் ஊர்ப் பூஜை மாடங்களில் பாதிப் பேர் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒதாகிரியின் விரல் இரண்டு மூன்று முறை அசைந்தது. திரையில் ஒரு நல்ல மனிதர் தோன்றினார். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்போல இருந்தார். யாரிடமும் கோபப்படாதவர். முந்தைய இரவு முழுக்கத் தூங்காத எனக்கு, சரி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"இதான் மரியாதையா இருக்கு" என்றாள் கினுயோ. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கப்பா சாவுக்கு வந்தவங்க முன்னாடியும் இவன் இப்படித்தான் இளிச்சுகிட்டு நின்னான். சின்னப் பையன், அழத் தெரியல, அது வந்துடுச்சு. மாமா எல்லார் முன்னாடியும் கன்னத்துலயே விட்டாரு. இன்னிக்கும் இவனை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

இத்தனை வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. கினுயோ குடும்ப மானத்துக்காக வாதாடுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் அந்தக் கன்னத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கருப்பையை எடுத்த வருடம் நினைவுக்கு வந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் எல்லோரும் நிகோநிகோ முகத்தோடு வந்தார்கள். குழந்தையைப் பற்றிப் பேசாமலிருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவர்கள் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இவர் மட்டும் திரைச்சீலையை விலக்கி நியாநியா என்று எட்டிப் பார்த்தார். சீருடைக்குள் கைவிட்டு, நெஞ்சுச் சூட்டில் வைத்திருந்த கொரொக்கே என்ற பொரித்த உருளைக்கிழங்கு வடையை எடுத்தார். வெளிச் சாப்பாடு அங்கே கூடாது. "சீக்கிரம் தின்னு. நர்ஸ் வந்தா நீதான் திருடினேன்னு சொல்லிடுவேன்" என்றார். போர்வைக்குள் தலையை விட்டுத் தின்றேன். உலகத்துக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேர் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம்தான் என்னை எழுந்து உட்காரவைத்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களையும் அதுவே தூக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, தினமும் காலையில இந்தப் படத்துக்கு முன்னாடி நான் சூடா சோறு வைக்கணும். இவரு யாரோ பெரிய மனுஷன். யாரோ ஒருத்தருக்கு எப்படி வைப்பேன்?" என்றேன்.

கினுயோ திரையில் இருந்தவரை வெகுநேரம் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நல்ல மனுஷன்தான். ஆனா எங்க வீட்டுல பொறந்தவன் இல்ல" என்றாள். பிறகு, "தம்பி, பழையபடி மாத்திடுங்க. கிமோனோ மட்டும் இருக்கட்டும். எவனாவது வாயைத் தொறந்தான்னா நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு இதற்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாலையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பவள்போல நின்றாள். கறுப்புடையில் வரிசையாக வந்தார்கள். பணிமனைக்காரர்கள், பேருந்தில் தினமும் போய்வந்தவர்கள், அன்று அந்தக் குழம்பை வேறு வழியில்லாமல் சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவரும் தலை குனிந்து, தூபப்பொடியைச் சிட்டிகை எடுத்துக் கனலில் போட்டு, கைகூப்பி நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் படம் கண்ணில் பட்டது. சிலர் அவசரமாகக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். அழுகையை மூடுகிறார்களா, சிரிப்பையா என்று பார்த்தேன். இரண்டும் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கினுயோவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

பிக்கு எங்களுக்கு முதுகைக் காட்டி, படத்துக்கு நேரெதிரே உட்கார்ந்து சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர். குரல் தட்டையாக, எங்கும் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மூச்சு வாங்குவதற்காகத் தலையை நிமிர்த்தினார். முகம் தெரியவில்லை. மழித்த தலையின் இரண்டு பக்கமும் அவருடைய பெரிய காதுகள் மட்டும், கன்னம் மலர்ந்தால் ஏறுவதுபோல, மெல்ல மேலே ஏறி, சற்று நேரம் அங்கேயே நின்றன.